ஏழு ஆடு எண்ணும் நேரம்

ஆலங்காயம்
9 பிப்ரவரி 2025

ஈஸ்வரி,

ஆமாம், இன்னும் அதே துப்பாக்கிதான். நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பாய்.

முந்நூறு மீட்டர் சுடுவதற்கு நம் சங்கத்தில் இருப்பது அது ஒன்றுதான். செப்டம்பரில் மாநிலப் போட்டி. தேசியப் போட்டிக்குப் போக அறுநூறுக்கு ஐந்நூற்று எழுபத்தைந்து வேண்டும். இரண்டு வருடம் தவறவிட்டேன். மூன்றாவது முறையும் தவறினால் துப்பாக்கியை வேறு ஊர்ச் சங்கத்துக்குக் கொடுத்துவிடுவதாகத் தீர்மானம் போட்டுவிட்டார்கள். செயலாளர் ஆதிநாராயணன் சார் அதை வாசித்தபோது என் பக்கம் திரும்பவில்லை.

தோட்டா அறையில் நீ உட்கார்ந்த மேஜை அப்படியே இருக்கிறது. நவம்பரில் சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள், அறுபத்தெட்டும் தட்டில். சுடாமல் மிச்சமான பன்னிரண்டு தோட்டாக்கள் பெட்டியில். கூடுகளின் கழுத்தெல்லாம் இறுகிப்போயிருக்கிறது. காய்ச்சிப் பதம் இறக்காமல் மறுபடி நிரப்ப முடியாது. இங்கே யாருக்கும் அந்த வேலை தெரியாது. நான்கு வருடம் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து புத்தகம் படித்திருக்கிறேன். ஒரு முறைகூட உன் கையைப் பார்க்கவில்லை.

எனக்குச் சொல்லித் தருவாயா? கடிதத்திலேயே போதும். உன் போனில் என் எண்ணை நீ தடுத்து வைத்திருப்பது தெரியும்.

வேறு எதைப் பற்றியும் எழுத வரவில்லை. முயன்றேன். கிழித்தேன்.

நதியா

*

ஜமுனாமரத்தூர்
20 பிப்ரவரி 2025

நதியா,

உன் கடிதத்தைத் தபால் முத்தம்மா அக்கா சந்தையில் வைத்துக் கொடுத்தார். "இன்னாடி, இந்தக் காலத்துல லெட்டரு? கோர்ட்டா, கல்யாணமா?"

"ரெண்டும் இல்லக்கா. பித்தளை."

"பாத்திரமா? அதுக்கு எதுக்கு இவ்ளோ ஸ்டாம்பு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதலில் ஒன்றை எழுதிவிடுகிறேன், நீ உன் கண்ணால் படிக்க வேண்டும். நவம்பரில், போட்டி முடிந்து, சங்கத்துக் கொட்டகையில் பதினோரு பேர் முன்னால் நீ கூட்டுத் தட்டைத் தூக்கிப் போட்டாய். "நெருப்பை ஏத்திப் பதத்தைக் கெடுத்துட்ட. என் வருஷத்தையே கெடுத்துட்ட. மலைக்காரிக்கு அடுப்பு மூட்டத்தான் தெரியும்." ஒரு எழுத்து விடாமல் எழுதியிருக்கிறேன். சரிபார்த்துக்கொள்.

நான் இப்போது இங்கே பெண்கள் குழுவின் சாமை அரைக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்கிறேன். ஐடிஐயில் படித்த ஃபிட்டர் வேலை இதற்கும் போதுகிறது.

பதில் எழுதுவதால் மனம் இறங்கிவிட்டேன் என்று நினைக்காதே. கூடுகள் என்ன பாவம் செய்தன?

ஒரு கம்பியை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்திப் பார். விறைக்கும். பிறகு ஒடியும். கூட்டின் கழுத்துக்கும் அதே கதி. சுடும்போது விரிகிறது. அச்சில் விட்டு நாம் ஒடுக்குகிறோம். ஒவ்வொரு தடவையும் விறைக்கிறது. விறைத்த கழுத்து நாம் ஒடுக்கிய அளவில் நிற்காமல் தன் இஷ்டத்துக்குத் துள்ளித் திரும்பும். ஒன்று குண்டை இறுக்கிப் பிடிக்கும், ஒன்று தளரப் பிடிக்கும். பிடி மாறினால் வேகம் மாறும். முந்நூறு மீட்டரில் ஒன்று மேலே, ஒன்று கீழே. சூடு காட்டினால் பித்தளை பட்ட அடியை மறந்துவிடும். அவ்வளவுதான்.

கழுத்துக்கும் அதன் கீழே சரிகிற தோளுக்கும் மட்டும் சூடு. அடிப்பாகத்தை விரலில் பிடித்து உருட்டு. விரல் பொறுக்கவில்லை என்றால் அந்தக் கூட்டைத் தூக்கிப் போட்டுவிடு. அடி இளகிய கூடு உன் முகத்துக்கு முன்னால் கிழியும். இதில் விளையாட்டு வேண்டாம். சங்கத்து அறையில், ஆதிநாராயணன் சார் இருக்கும்போது மட்டும் செய்.

உடைசல் டப்பாவில் உள்ள பழைய கூடுகளில் பழகு. தட்டில் உள்ளதைத் தொடாதே.

ஈஸ்வரி

*

ஆலங்காயம்
8 மார்ச் 2025

ஈஸ்வரி,

சரிபார்த்தேன். ஒரு எழுத்தும் விடவில்லை.

உடைசல் டப்பாவிலிருந்து பத்து. போனில் வினாடி பார்த்துக்கொண்டு. முதல் ஐந்தும் சூடுபட்டதற்கான அடையாளமே காட்டவில்லை. அடுத்த ஐந்தில் கழுத்து சிவந்தது. எடுத்து இரண்டு விரலால் அழுத்தினேன். ஈரக் காகிதம்போல் அமுங்கி அப்படியே நின்றது. நவம்பரில் நீ இப்படித்தான் செய்தாய் என்று நான் கத்தினேன். இப்படிச் செய்தால் எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிகிறது. அமுங்கினது திரும்பி வரவே இல்லை.

போனைப் பார்த்தால் தீயைப் பார்க்க முடியவில்லை. தீயைப் பார்த்தால் நேரம் போய்விடுகிறது.

நீ காய்ச்சும்போது உதடு அசையும். சாமி கும்பிடுகிறாய் என்று நினைத்து நான் பேச்சைக் குறைத்துக்கொள்வேன். அது என்ன மந்திரம்?

வாணியம்பாடியில் வகுப்பெடுத்துவிட்டுத் திரும்பும் பஸ்ஸில் இதை எழுதுகிறேன். எழுத்து ஆடுவதற்குச் சாலை காரணம்.

நதியா

*

ஜமுனாமரத்தூர்
17 மார்ச் 2025

நதியா,

மந்திரமா? அது எங்கள் ஆடுகள்.

கருப்பி, சுட்டி, மொட்டைக்காதி, ராணி, பொரியாள், வெள்ளச்சி, குட்டையன். ஏழு பேர் சொல்லி முடித்ததும் கூட்டை எடுத்துவிடு. பட்டி அடைக்கும்போது உள்ளே வந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்வோமே, அந்த வேகம். மேட்டில் நின்று கூப்பிடுகிற மாதிரி இழுத்தால் கழுத்து வெந்துவிடும்.

ராணியை விற்றாயிற்று. நீ எண்ணிக்கையிலிருந்து எடுத்துவிடாதே. அவள் போனாலும் அவளுடைய நேரம் வேண்டும்.

தகரக் கதவைச் சாத்திக்கொள். வெயில் வெளிச்சத்தில் பித்தளையின் நிறம் பொய் சொல்லும். கழுத்தைப் பார்க்காதே, கழுத்தைத் தாண்டி நிற்கிற தீயின் நுனியைப் பார். நீலம் இருக்கும்வரை சரி. ஆரஞ்சு எட்டிப் பார்த்தால் நீ தாண்டிவிட்டாய். ஆறின பிறகு தோளுக்குக் கீழே நீலமும் பழுப்புமாக ஒரு கோடு இருந்தால் பதம். அமுக்கிப் பார்த்தால் கொஞ்சம் வளைந்து, திரும்பி வர வேண்டும். வராமல் நிற்கவும் கூடாது, வளையாமல் முறைக்கவும் கூடாது.

கேஸ் டார்ச்சின் தீ உயரம் என் சுண்டுவிரல் அளவு. உன்னுடையது இல்லை. உனக்கு விரல் நீளம்.

ஈஸ்வரி

*

ஆலங்காயம்
12 ஏப்ரல் 2025

ஈஸ்வரி,

வந்துவிட்டது.

சனிக்கிழமை பகல், கதவைச் சாத்தி, இருபது கூடு. குட்டையனில் எடுத்தேன். இருபதிலும் ஒரே கோடு. வரிசையாக நிற்க வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆதிநாராயணன் சார் கதவைத் தட்டி, "இன்னாம்மா உள்ள ஆடு மேய்க்கிறியா, பேர் சொல்லிக் கூப்புடுற?" என்றார். ஆமாம் சார் என்றேன்.

பிறகு தட்டில் இருந்த அறுபத்தெட்டையும் முடித்தேன். என் கையால். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. நீதான் இருக்கிறாய்.

இன்னொன்று. இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நவம்பரில் மிச்சமான பன்னிரண்டு தோட்டாக்களையும் சார் முன்னால் பிரித்தேன். குண்டைக் கழற்றும்போது நான்கு மெதுவாக வந்தன. மற்றவை பிடிவாதம் பிடித்தன. இரண்டு 'டக்' என்று சத்தத்தோடு விட்டன, ஒட்டிக்கொண்டிருந்ததுபோல. காலிக் கழுத்துகளை அமுக்கினேன். கொஞ்சம் வளைந்து, திரும்பி வந்தன. பன்னிரண்டும். அளவு பார்த்தேன். பன்னிரண்டும் ஒரே அளவு.

உன் பதம் சரி. அப்படியென்றால்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். மூக்குத்தி மாதிரிப் பளபளப்பு. அதற்கு ஏதாவது பொருள் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

நதியா

*

ஜமுனாமரத்தூர்
21 ஏப்ரல் 2025

நதியா,

உள்ளேயுமா?

நன்றாகப் பார்த்து எழுது. நான் கழுத்தின் உள்பக்கத்தைக் கழுவுவதே இல்லை. சுட்ட புகை உள்ளே மெல்லிய கறுப்பாகப் படிந்திருக்கும். குண்டு அதன்மேல்தான் வழுக்கி இறங்கும். அதைச் சுரண்டிவிட்டால் வெறும் பித்தளையும் குண்டின் செம்பும் நேருக்கு நேர் உரசும். ஒன்று இறங்கும், ஒன்று கடிக்கும். நாள்பட்டால் ஒட்டியே போகும். உன் 'டக்' அதுதான்.

காய்ச்சி முடித்து நான் தட்டில் வைத்தபோது எண்பதும் உள்ளே கறுப்பாக இருந்தன. என் அம்மா மேல் சத்தியம்.

யார் கழுவினது?

ஈஸ்வரி

*

ஆலங்காயம்
27 ஏப்ரல் 2025

ஈசு,

நான்.

போன வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள். வியாழக்கிழமை. நீ காய்ச்சி முடித்துத் தட்டை மூடிவிட்டுக் காலை பஸ்ஸில் ஊருக்குப் போயிருந்தாய். சங்கத்தில் எல்லோரும் எதையாவது தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஆதிநாராயணன் சார் கதவுத் தாழ்ப்பாளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். "எம்மா, சும்மா நிக்கிறியே, ஏதாவது பித்தளை இருந்தா எடுத்தா" என்றார்.

எண்பது பித்தளை இருந்தது.

உன் அம்மா கொடுத்தனுப்பிய புளி. உங்கள் மரத்துப் புளி. ஒரு வாளியில் கரைத்து, கூடுகளை ஊறப் போட்டேன். பிறகு ஒவ்வொன்றாக, துணி சுற்றிய குச்சியை உள்ளே விட்டு, கறுப்புப் போகும்வரை. மூன்று மணி நேரம். விரல் நுனி வெளுத்துவிட்டது. அந்தக் கறுப்பை அழுக்கு என்று நினைத்தேன். பூஜையில் எனக்கு நம்பிக்கை இல்லை. நீ வந்து பார்க்கும்போது எல்லாம் மின்ன வேண்டும் என்று மட்டும் இருந்தது. உன் மேஜைக்கு நான் ஒருநாளும் எதுவும் செய்ததில்லை, அதனால்.

வெயிலில் காயவைத்துத் தட்டில் அடுக்கினேன். நீ வந்தாய். பார்த்தாய். சிரித்தாய். நான் எதுவும் சொல்லவில்லை, நீயே கண்டுபிடிக்கட்டும் என்று. பிறகு மறந்தும் போனேன். கொட்டகையில் கத்தியபோது அந்த வாளி ஒரு கணம்கூட நினைவுக்கு வரவில்லை. பாத்திரம் கழுவியவள் அடுப்பு மூட்டியவளைத் திட்டியிருக்கிறாள்.

மன்னித்துவிடு என்று ஒரு வரி எழுதினால் இந்தக் கடிதம் ஒழுங்காக முடிந்துவிடும். அது எனக்கு வசதி. பதினோரு பேர் முன்னால் சொன்னதைப் பதினோரு பேர் முன்னால்தான் திரும்ப எடுக்க முடியும். எடுப்பேன்.

பதில் எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

நதியா

*

ஜமுனாமரத்தூர்
19 மே 2025

நதி,

மூன்று வாரம் உன் கடிதத்தைச் சாமை மெஷினுக்கு அடியில் ஆட்டம் நிற்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். முதல் வாரம் உன்னை நினைத்தாலே பல்லைக் கடித்தேன். இரண்டாவது வாரம், எங்கள் புளியா என்று நினைத்துச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சாந்தம்மாளிடம் சொன்னேன். "நம்ம புளிக்கு அவ்ளோ வேகமா?" என்று பெருமைப்படுகிறாள்.

மூன்றாவது வாரம் என் பங்கு நினைவுக்கு வந்தது. அதை எழுத இவ்வளவு நாள்.

எனக்குத் தெரியும்.

புளி தெரியாது. வெளியே மின்னியதைப் பார்த்து, பூஜைக்குத் துணியால் துடைத்திருப்பாய் என்று நினைத்தேன். உள்ளே பார்க்கவில்லை. ஆனால் அச்சில் வைத்துக் கூட்டுக்குள் குண்டை இறக்கும்போது கைப்பிடியில் தெரிந்தது. ஒன்று வெண்ணெயில் இறங்குவது மாதிரி. அடுத்தது மணலில். மறுபடி வெண்ணெய். மறுபடி மணல். எண்பதில் முப்பதுக்குக் குறையாமல் மணல் இருக்கும். நான்கு வருடத்தில் அப்படி வந்ததே இல்லை.

அன்றைக்கு நீ வாசலில் நின்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாய்: "எங்க ஈசு கை தப்பாதுடி." அதைக் கேட்டுக்கொண்டே மணலையும் வெண்ணெயையும் ஒரே பெட்டியில் அடுக்கினேன். கை தப்பிவிட்டது, நெருப்பை ஏற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். எழுந்து வந்து உன்னிடம் சொல்லியிருக்கலாம். போட்டிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. வாய் வரவில்லை.

அதனால்தான் கொட்டகையில் பதில் பேசவில்லை. கோபத்தில் போனேன் என்று நீ நினைத்திருப்பாய். மலைக்காரி என்றதற்குக் கோபம் வந்தது, அது வேறு. பஸ் ஏறினது வெட்கத்தில். ஆறு மாதமாக, இந்தச் சாமை மெஷினில் கல்லுக்கும் கல்லுக்கும் இடைவெளி வைக்கும்போதுகூட இன்னொருத்தியைக் கூப்பிட்டு, சரியா பாரு என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

உன் கடிதம் வந்த பிறகு கேட்பதில்லை.

அந்தப் பன்னிரண்டு கூடுகள் இருக்கின்றனவா? படம் வரைகிற கறுப்புப் பென்சில் ஒன்று வாங்கு. அதன் உள்ளே இருக்கும் கரியைத் தூளாக்கு. பஞ்சில் தொட்டு உட்கழுத்தில் ஒரு சுற்று. போன கறுப்புக்குப் பதில் கறுப்பு. பிறகு குண்டை இறக்கிப் பார். கைப்பிடியைக் கண்ணை மூடிக்கொண்டு இழு.

வெண்ணெய் வந்தால் எழுது.

ஈசு

*

ஆலங்காயம்
6 ஜூலை 2025

ஈசு,

வெண்ணெய்.

பன்னிரண்டும். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். எல்லாம் ஒரே கனம். கடைசியில் எந்தக் கூட்டில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

அதில் பத்தைச் சுட்டேன். முந்நூறு மீட்டர், காற்று குறைவு. தாளை எடுத்துவந்து சார் மேஜையில் விரித்தார். டீக்கடை கன்னியம்மாள் அக்கா கொண்டுவந்த டம்ளரைக் காலி செய்து, கவிழ்த்து, ஓட்டைகள் மேல் வைத்தார். பத்தும் டம்ளர் வாய்க்குள். சார் டம்ளரைத் தூக்கினார், வைத்தார், மறுபடி தூக்கினார். "அக்கா, இந்த டம்ளர் இனிமே சங்கத்துக்கு" என்றார். "டீ யாரு குடிப்பா, உங்க துப்பாக்கியா?" என்றார் அக்கா.

உன் கடிதத்தைப் பற்றி. நீ மறைத்தாய். நான் வெளுத்தேன். இரண்டும் ஒருத்தி மேல் ஒருத்திக்கு இருந்த ஏதோ ஒன்றால் நடந்தது. அதற்கு நான் பெயர் வைக்க மாட்டேன். படித்தவள் பெயர் வைத்துக் கெடுத்துவிட்டாள் என்று ஆக வேண்டாம்.

செப்டம்பருக்கு எண்பது நிரப்ப வேண்டும். கைப்பிடியில் உன் கை இருந்தால் நன்றாக இருக்கும். வருவாயா?

நதியா

*

ஜமுனாமரத்தூர்
10 ஆகஸ்ட் 2025

நதி,

வரமாட்டேன். மெஷின் வேலை, களை எடுப்பு என்று நான்கு காரணம் எழுதி அடித்துவிட்டேன். உண்மை என்னவென்றால், அந்தக் கொட்டகையை நினைத்தால் கால் வரமாட்டேன் என்கிறது.

உனக்கு என் கை வேண்டாம். வெண்ணெய் எது, மணல் எது என்று உன் கைக்கே தெரிந்துவிட்டது. எண்பது நிரப்பு. கொஞ்சம் சந்தேகமாக இறங்கினால்கூடத் தனியே வை. சாரிடம் சொல். நான்கு பேரிடம் சொல். அதை மறைக்கிற பழக்கத்தை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே.

சுட்டி இரண்டு குட்டி போட்டிருக்கிறது. ஒன்றுக்கு ராணி என்று வைத்தாயிற்று. எண்ணிக்கை இப்போது பொய் இல்லை.

ஈசு

*

ஆலங்காயம்
14 செப்டம்பர் 2025

ஈசு,

ஐந்நூற்று எண்பத்தைந்து.

மறுபடி எழுதிப் பார்க்கிறேன். ஐந்நூற்று எண்பத்தைந்து. மாநிலத்தில் முதல் இடம். தேசியப் போட்டிக்குப் பெயர் போய்விட்டது. துப்பாக்கி இங்கேயே இருக்கும். அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினேன். பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவள் மாதிரி இருந்தது என்றார் கன்னியம்மாள் அக்கா.

வரிசையாகச் சொல்கிறேன்.

எண்பது நிரப்பினேன். ஒன்பது சந்தேகம். தனியே வைத்தேன். சாரிடம் சொன்னேன். மிச்சம் எழுபத்தொன்று. குறி சரிபார்க்க எட்டு, போட்டிக்கு அறுபது என்று தேவை அறுபத்தெட்டு. மூன்று கூடுதல். போதும்.

முதல் பத்து தொண்ணூற்றேழு. பிறகு தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றாறு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றேழு. போன வருடம் சரிந்தது கடைசிப் பத்தில். அதற்கு முன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு மண்ணைப் பார்த்தேன். ஒரு எறும்பு. அதற்குப் போட்டி எதுவும் இல்லை.

கடைசிப் பத்தின் முதல் தோட்டா ஒன்பதில். கொஞ்சம் கீழே.

போன வருடம் இந்த இடத்தில்தான் எனக்குள் ஏதோ கழன்றது. தோட்டாவா, நானா என்று தெரியாமல் எதையும் திருத்த முடியவில்லை. திருத்தத் திருத்த இன்னும் விலகியது. இந்த முறை தெரிந்தது. கூடு என் கையால் காய்ச்சியது, பிடி என் கையால் பார்த்தது. அவற்றில் பிழை இல்லை. விரலை அவசரப்படுத்தியது நான். நான் என்றால் என்னைத் திருத்திக்கொள்ளலாம். அவ்வளவு நிம்மதியை நான் வேறு எப்போதும் அறிந்ததில்லை, ஈசு. தவறு முழுக்க என்னுடையது என்பதில் இருந்த நிம்மதி.

மூச்சை விட்டேன். கருப்பி, சுட்டி, மொட்டைக்காதி. ராணிக்கு வரும்போது விரல் தானாக அழுத்தியது. பத்து. மறுபடி கருப்பி. பத்து. ஒன்பது முறை. ஒன்பதும் பத்து.

முடித்து எழுந்தபோது வேறு சங்கத்துப் பயிற்சியாளர் ஒருவர் என் காலிக் கூட்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். "இன்னா தோட்டாம்மா இது, ஃபாரினா?"

"இல்லைங்க. சுட்ட கூடுதான். ஜமுனாமரத்தூர் பதம்."

"அது இன்னா கம்பெனி?"

"கம்பெனி இல்லைங்க. ஈஸ்வரி."

இனி முக்கியமானது. ஊர் திரும்பியதும் கொட்டகைக்குப் போனோம். அந்தப் பதினோரு பேரில் ஒன்பது பேர் அங்கேயே இருந்தார்கள். கன்னியம்மாள் அக்காவைக் கடையிலிருந்து கையைப் பிடித்து இழுத்து வந்தேன். ஒருவர் இப்போது சந்தவாசலில் கடை வைத்திருக்கிறார். அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பதினொன்று.

மாலையும் கையுமாக இருந்தார்கள். நான் பெஞ்சு மேல் ஏறி நின்றேன். வகுப்பில் பேசுகிற குரல் வரவில்லை. வேறு ஏதோ குரலில் சொன்னேன்: "போன வருசம் ஈஸ்வரி பதம் தப்புன்னு இதே இடத்துல சொன்னேன். அவ பதம் தப்பல. நான்தான் புளி போட்டு உள்ள கழுவிக் கெடுத்தேன். மலைக்காரின்னு சொன்னேன். அவ சொல்லிக் குடுத்த சூட்டுலதான் இன்னைக்கு ஜெயிச்சேன். அந்த வார்த்தைய நான் எடுத்துக்கறேன். நீங்க யாரும் அதை வெச்சுக்காதீங்க."

ஆதிநாராயணன் சார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "எம்மா, தேய்க்கச் சொன்னது நான்தாம்மா" என்றார். போனுக்குள்ளிருந்து சந்தவாசல்காரர் கேட்டார்: "ஹலோ, இன்னா ஆச்சு? புளி விலை ஏறிப்போச்சா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும். அழுதுகொண்டே.

மாலை இரண்டு வாங்கியிருந்தேன். ஒன்று உன் நாற்காலியில் தொங்குகிறது. வாடும். அதற்குள் வா.

நதியா

*

ஜமுனாமரத்தூர்
22 செப்டம்பர் 2025

நதி,

முத்தம்மா அக்காவை நிறுத்தி வைத்து, சந்தையிலேயே உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். கொட்டகைப் பகுதிக்கு வந்தபோது கடிதத்தை அக்காவிடம் நீட்டினேன். அக்கா வாங்கி மீதியைப் படித்தார். காய் விற்கிற நீலாவதி தராசைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பதினோரு பேரு பத்தாதுடி, இந்தச் சந்தைக்கே கேக்கட்டும், மறுபடி படி" என்றாள். மறுபடி படித்தோம். ஐந்நூற்று எண்பத்தைந்து என்றால் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. கை தட்டினார்கள்.

நான் அழவில்லை. மெஷினுக்குத் திரும்பி, மூடியைத் திறந்து, இடைவெளியை வைத்தேன். ஒரே தடவை. உமி தனி, அரிசி தனி.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனாலும் எழுது. உன் எழுத்துக்கு உன் வாயைவிட நல்ல குணம்.

தேசியப் போட்டிக்குக் கூடுகளை நாம் சேர்ந்து காய்ச்சுவோம். ஆயுத பூஜையன்று காலை பஸ்ஸில் வருகிறேன், ஒன்பதே முக்காலுக்கு ஆலங்காயம். அம்மா ஒரு கூடை புளி கொடுத்தனுப்புகிறாள், வேண்டுமென்றே. அறையில் எதை வேண்டுமானாலும் தேய். தாழ்ப்பாள், தராசுத் தட்டு, சாருடைய தலை. கூடுகளைத் தொட்டால் கையை ஒடிப்பேன்.

ஈசு

*

[இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில், நதியாவின் கையெழுத்தில்]

1 அக்டோபர் 2025. காலை ஆறு மணிக்கு அறையைத் திறந்தேன். கைப்பிடி, அச்சு, தாழ்ப்பாள் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அறுபத்தெட்டுக் கூடுகளையும் கறுப்போடு அப்படியே தட்டில் நிற்க வைத்தேன். தட்டின் விளிம்பில் மட்டும் ஒரு பொட்டு. நாற்காலியிலிருந்து வாடிய மாலையை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போய் நின்றேன்.